பாலூட்டும் நேரத்துக்கும் பேர் (நாட்சம்பளம்) போடச் சொல்லுங்கள்: மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தொழிற்சங்கத் தலைவர்களே, மாதர் அணித் தலைவிகளே,

அடுத்த சம்பளப் பேச்சுக்கு நீங்கள் கொண்டுபோகும் கோப்பில் இன்னும் ஒரு தாள் சேர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். அந்தத் தாளில் சம்பளத் தொகை இருக்காது. பாலூட்டும் தாய் எத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து பறிக்க வேண்டும், பிள்ளையிடம் போய்வர அவருக்கு எவ்வளவு நேரம், வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் எவ்வளவு தூரத்தில் என்ற மூன்று விடயங்கள் மட்டுமே இருக்கும். இதைக் கேட்பவள் வைத்தியசாலையில் குடல் நோயாளர்களைப் பராமரிக்கும் ஒரு தாதி. குடலுக்கும் கொழுந்து நிறுவைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். இன்று நான் வேலை செய்யும் பிரிவில் குடலுக்குள் கமெரா செலுத்திப் பார்ப்பார்கள். அங்கே வருபவர்களில் இளம் வயதினர் சிலருக்கு ‘அழற்சிக் குடல் நோய்’ என்று எழுதப்படுகிறது. அந்தப் பெயருக்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். மற்றது, வாய் முதல் ஆசனவாய் வரை எந்த இடத்தையும் தாக்கக்கூடிய குரோன்ஸ். நியூயோர்க் மருத்துவர் பரில் குரோனும் அவருடைய இரு சகாக்களும் 1932 இல் அதை விவரித்து எழுதினார்கள். இவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலிலேயே குடியிருக்கும் நுண்ணுயிர்களோடு சண்டை பிடிக்கத் தொடங்குகிறது; பிறகு நிறுத்துவதில்லை. இரத்தமும் சளியும் கலந்த வயிற்றோட்டம், வயிற்று நோ, இரத்தச்சோகை, மெலிவு. அடக்கிவைக்க மருந்து உண்டு, அடியோடு போக்க மருந்து இல்லை. பலர் ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டியிருக்கிறது. 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

என் தம்பி அந்த நோயாளர்களில் ஒருவன். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த காலத்தில் தொடங்கியது. முதலில் சீதபேதி என்று மருந்து கொடுத்தார்கள். அடுத்த இடத்தில் மூலம் என்றார்கள். மூலத்துக்கு நாட்டு மருந்தும் தின்றான். கமெரா போட்டுப் பார்த்தபோது பெருங்குடலின் பாதி புண். அவனுக்கு ஏன் வந்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. நானும் சொல்லப் போவதில்லை. ஆய்வுகள் ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிப் பேசுபவை. ஒருவனின் வயிற்றுக்குள் நடந்ததை அவற்றிலிருந்து படிக்க முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி அவை சொல்வது, ஆயிரக்கணக்கானவர்களுக்காகப் பேச்சுவார்த்தை நடத்தும் உங்களுக்குத் தேவையானது.

இது நம் நாட்டில் இன்னும் அரிய நோய்தான். கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் கணக்கெடுத்து 2010 இல் வெளிவந்த ஆய்வில் ஓர் இலட்சம் பேருக்கு 5.3 பேர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்கள், 1.2 பேர் குரோன்ஸ் உள்ளவர்கள். அதில் நம் தோட்டங்கள் உள்ள நுவரெலியா இல்லை, பதுளை இல்லை. நம்மை எண்ணுவதற்கு எப்போதுமே கடைசியில்தான் ஆள் வருகிறது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். பிறகு இலங்கை உட்பட ஆசியாவின் எட்டு இடங்களையும் அவுஸ்திரேலியாவையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வொன்று 2013 இல் வந்தது. ஆண்டுதோறும் புதிதாக நோய் காண்பவர்கள் ஆசியாவில் இலட்சத்துக்கு 1.4 பேரளவில், அவுஸ்திரேலியாவில் 24 பேரளவில். இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு ‘நமக்கெதற்கு இந்தக் கவலை’ என்று கோப்பை மூடிவிடலாம்தான். மூட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் கனடாவில் இருக்கிறது.

ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறியவர்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வு 2015 இல் வெளியானது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 7.3 பேருக்கு நோய். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் 23.9 பேருக்கு. இதுவரை எதிர்பார்த்ததுதான். அடுத்த தகவலைக் கவனியுங்கள். எவ்வளவு சிறு வயதில் ஒருவர் கனடாவுக்கு வந்தாரோ அவ்வளவுக்கு அவருடைய ஆபத்து கூடியிருந்தது, பத்து வயது குறையக் குறைய 14 வீதம் வீதமாக. தெற்காசியாவிலிருந்து போனவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளோ, ஏறத்தாழ கனடாவிலேயே பிறந்தவர்களுடைய பிள்ளைகளின் ஆபத்தையே அடைந்துவிட்டார்கள். இரத்தம் அதே இரத்தம். பரம்பரையும் அதேதான். மாறியது பிள்ளைப் பருவம் கழிந்த இடம். கனடாவில், தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் உறவினர் இருக்கும் குடும்பங்கள் இந்தக் கணக்கை வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம்.

நம் பிள்ளைகள் கனடாவுக்குப் போகவில்லை. கனடாவின் பிள்ளைப் பருவம் நம் கடைத்தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறது. பக்கெட் தின்பண்டம், நிறம் போட்ட இனிப்புத் தண்ணீர், தாய்ப்பாலுக்குப் பதிலாகப் போத்தல், சளி பிடித்தவுடன் அன்டிபயோட்டிக். கெட்ட பழக்கங்கள் முதலில் வந்துவிட்டன. நல்ல வீடும் நல்ல குழாயும் பின்னால் வருவதாகச் சொல்கிறார்கள்.

ஏன் பிள்ளைப் பருவம்? குழந்தையின் குடலில் நுண்ணுயிர்கள் குடியேறுவது பிறந்த கணத்தில் தொடங்குகிறது. ஏறத்தாழ மூன்று வயதுக்குள் அந்தக் குடியிருப்பு பெரியவர்களின் குடலை ஒத்த நிலைக்கு வந்துவிடுகிறது. அந்தக் காலத்திலேதான் எதிர்ப்புச் சக்தியும் யார் உறவு, யார் பகை என்று பழகுகிறது. 2012 இல் வெளியான எலி ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் பெருங்குடலில் ஒருவகை எதிர்ப்பணுக்கள் அளவுக்கு மீறிக் குவிந்து, குடல் எளிதில் புண்ணாகியது. அந்த எலிகளுக்குக் குட்டிப் பருவத்திலேயே நுண்ணுயிர்களைக் கொடுத்தபோது அந்தக் கேடு வரவில்லை. வளர்ந்த பிறகு கொடுத்தபோது பயன் இல்லை. எலி எலிதான், மனிதன் மனிதன்தான்; ஆனாலும் காலம் தவறினால் பிறகு ஈடு செய்வது கடினம் என்ற குறிப்பு மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளோடும் ஒத்துப்போகிறது.

இனி இந்த மடலின் நடுப் பொருளுக்கு வருகிறேன். ஆசிய பசிபிக் ஆய்வாளர்கள், மேலே சொன்ன 2013 ஆய்வு நடந்த அதே நாடுகளில் புதிதாக நோய் கண்ட 442 பேரையும் நோயில்லாத 940 பேரையும் எடுத்து, சிறு வயதில் எப்படி வளர்ந்தார்கள், என்ன தின்றார்கள், வீட்டில் என்ன இருந்தது என்று கேட்டு ஒப்பிட்டார்கள். 2015 இல் வெளிவந்த முடிவுகளைத் தோட்டத்தில் பிறந்த ஒருத்தி வாசித்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

ஆசியர்களில், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தாய்ப்பால் குடித்தவர்களுக்குக் குரோன்ஸ் நோய்க்கான வாய்ப்பு மற்றவர்களுடையதில் பத்தில் ஒரு பங்கு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு ஆறில் ஒரு பங்கு. சிறு வயதில் வீட்டில் சுடுநீர்க் குழாயும், தண்ணீர் ஊற்றிக் கழுவும் மலசலகூடமும் இருந்தவர்களுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் குறைவு. நாய் வளர்த்தவர்களுக்குக் குரோன்ஸ் குறைவு. நாள்தோறும் தேநீர் குடிப்பவர்களுக்கு இரண்டு நோய்களுமே குறைவு.

தேநீர்! உலகத்தின் குடலுக்கு நல்லது செய்யக்கூடிய இலையை நம் பெண்கள் பறித்து அனுப்புகிறார்கள். வீட்டில் ஊற்றுவது அடித் தூள். இதைப் படித்துச் சிரித்தேன், வேறென்ன செய்வது. ஒரு எச்சரிக்கையையும் உடனே சொல்லிவிடுகிறேன். இந்த முடிவை வைத்துக்கொண்டு கைக்குழந்தைக்குத் தேத்தண்ணீர் புகட்டிவிடாதீர்கள். தேயிலை உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சரியாகச் சேரவிடாது. நம் பிள்ளைகளுக்கு இருக்கும் இரத்தச்சோகை போதும்.

இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுபவை, காரணத்தை நிரூபிப்பவை அல்ல. முப்பது வயதுக்காரரிடம் ‘நீங்கள் எத்தனை மாதம் பால் குடித்தீர்கள்’ என்று கேட்டால் அவர் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். அம்மாவின் நினைவு பிசகலாம். ஆனால் தாய்ப்பால் விடயத்தில் இந்த ஆய்வு தனித்து நிற்கவில்லை. உலகெங்கும் நடந்த 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017 ஆம் ஆண்டுத் தொகுப்பு, தாய்ப்பால் குடித்தவர்களுக்குக் குரோன்ஸ் 29 வீதமும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் 22 வீதமும் குறைவு என்றது. ஆசியர்களில் குரோன்ஸுக்கு எதிரான பாதுகாப்பு இன்னும் கூடுதல். பால் குடித்த காலம் நீள நீளப் பாதுகாப்பும் கூடி, பன்னிரண்டு மாதத்தில் மிக வலுவாகத் தெரிந்தது. தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அவை குழந்தைக்கு அல்ல, குழந்தையின் குடலில் வளர வேண்டிய நல்ல பக்டீரியாக்களுக்கு உணவு. எந்தப் பால்மாக் கொம்பனியும் அதை முழுமையாகச் செய்து தகரத்தில் அடைத்துவிடவில்லை.

நம் பெண்கள் பால் கொடுக்கத் தயங்குபவர்கள் அல்லர். 2016 இல் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள். உலகில் பல பணக்கார நாடுகள் கனவிலும் காணாத அளவு அது. மனம் இருக்கிறது. நேரம்தான் இல்லை.

சட்டத்தைப் பார்ப்போம். 1939 ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கு 12 வாரம் தருகிறது. முதலிரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு பாதியாகக் குறைந்துகொண்டிருந்ததை 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கி, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவாக்கியது; நல்ல காரியம். இதில் பேற்றுக்கு முந்திய இரண்டு வாரங்களைக் கழித்தால் பிள்ளை பத்து வாரமாக இருக்கும்போது தாய் மலைக்கு ஏற வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று கிளினிக்கில் நாங்கள் சொல்கிறோம். பத்து வாரத்துக்கும் இருபத்தாறு வாரத்துக்கும் நடுவில் என்ன செய்வது என்று ஒரு பெண் என்னைத் திருப்பிக் கேட்டாள். அவளிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதே சட்டம் ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்கு நாளுக்கு இரண்டு தடவை பாலூட்ட நேரம் தருகிறது. பிள்ளை மடுவம் இருந்தால் தடவைக்குக் குறைந்தது அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. வாசிக்க நன்றாக இருக்கிறது. மலையில் என்ன நடக்கிறது? கொழுந்து மலை மேலே, மடுவம் லயத்தடியில். சறுக்கும் படிகளில் இறங்கி, போட்டிருக்கும் படங்கைக் கழற்றி, கை கழுவி, தூங்கும் பிள்ளையை எழுப்பி, பால் கொடுத்து, அழும் பிள்ளையை ஆயம்மாவிடம் பிடுங்கிக் கொடுத்துவிட்டு மீண்டும் ஏற வேண்டும். அரை மணியில் பிள்ளைக்குக் கிடைப்பது எவ்வளவு? அதற்குள் பக்கத்து நிறையில் (வரிசையில்) பறிப்பவள் இரண்டு கிலோ கூடப் பறித்திருப்பாள். பல தோட்டங்களில் நாள் அளவு 18 கிலோ, 20 கிலோ. அந்த அளவு விழாவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். பாலூட்டும் நேரத்தைச் சட்டம் கொடுக்கிறது, நிறுவைத் தராசு திரும்ப வாங்கிக்கொள்கிறது. இதனால் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்: இறங்குவதை விட்டுவிடுகிறார்கள். மடுவத்தில் போத்தல் வருகிறது. மார்பில் பால் கட்டி, பிறகு வற்றுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டம் தரும் பாலூட்டும் நேரம் பிள்ளையின் முதல் பிறந்தநாளோடு முடிகிறது. ஆய்வில் மிகப் பெரிய பாதுகாப்பு தெரிந்தது அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகும் குடித்த பிள்ளைகளில். இரண்டு வயது வரை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றம் வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். ஆனால் ஒப்பந்தத்துக்கு நீங்களும் கம்பனிகளும் போதும். சட்டத்தை விடக் கூடுதலாகக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை. பாலூட்டும் தாய்க்குப் பிள்ளை இரண்டு வயதாகும் வரை கிலோ அளவைக் குறைத்து, முழுப்பேர் போடுவது என்று ஒரு வரி. நடக்கும் நேரம் பாலூட்டும் நேரத்தில் சேராது என்று இன்னொரு வரி. தூரத்து மலையில் கொழுந்து எடுக்கும் நாட்களில் பாலூட்டும் தாய்மாரைக் கிட்டிய மலைக்குப் போட வேண்டும் என்று மூன்றாவது. இதற்குப் பெரிய காசு தேவையில்லை. ஒரு தோட்டத்தில் ஒரே காலத்தில் பாலூட்டும் தாய்மார் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

பிழிந்து வைத்த தாய்ப்பாலைப் பற்றியும் மடுவ ஆயம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்தால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் கெடாது. நுவரெலியாக் குளிரில் அதற்குப் பயப்படவே தேவையில்லை. சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருந்தால் நாள் முழுவதும் தாங்கும். போத்தல் வேண்டாம், கோப்பையும் கரண்டியும் போதும்.

மலசலகூடத்துக்கும் சுடுநீருக்கும் வருகிறேன். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்; பொறுத்துக்கொள்ளுங்கள். 1989 இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரித்தானியர், சகோதரர்கள் அதிகமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒவ்வாமைச் சளி குறைவு என்று கண்டு, சிறு வயதில் தொற்றுகள் குறைவதுதான் ஒவ்வாமைக்குக் காரணமோ என்று கேட்டார். அந்தக் கேள்வி ஊர் சுற்றி வரும் வழியில் ‘அழுக்கில் வளரும் பிள்ளைதான் ஆரோக்கியமான பிள்ளை’ என்று ஆகிவிட்டது. படித்தவர்கள் வாயிலேயே கேட்டிருக்கிறேன்: லயத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, மண்ணில் புரண்டு வளர்ந்தவர்கள், உடம்பு கெட்டி. கெட்டியான உடம்பா? அதே 2016 ஆய்வு, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 32 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்கிறது. நாட்டின் சராசரி 17 வீதம். அடிக்கடி வயிற்றோட்டம் பிடிக்கும் பிள்ளை எப்படி உயரும்?

ஆசிய ஆய்வு அந்தப் பேச்சின் வாயை அடைக்கிறது. நம் பகுதி நாடுகளில் கழுவும் மலசலகூடமும் சுடுநீரும் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் குறைவாக இருந்தது. குடலுக்கு வேண்டியது நாய், தோட்டம், மண், கூடிவாழும் குடும்பம் ஆகியவற்றிலிருந்து வரும் நுண்ணுயிர்கள். மலத்தில் இருந்து தண்ணீருக்கு வருபவை அல்ல. நாயைப் பற்றிக் கனடாவிலிருந்து நடத்தப்படும் இன்னோர் ஆய்விலும் இதே குறிப்பு கிடைத்தது. குரோன்ஸ் நோயாளர்களின் உடன்பிறப்புகளையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தபோது, ஐந்து முதல் பதினைந்து வயது வரை நாயோடு வளர்ந்தவர்களுக்கும், பிறந்த முதல் வருடத்தில் பெரிய குடும்பத்தில் இருந்தவர்களுக்கும் ஆபத்து குறைவு. லயத்தில் நாய்க்கும் குறைவில்லை, ஆட்களுக்கும் குறைவில்லை. நாய்களுக்கு விசர் தடுப்பூசி போட்டால் போதும். நமக்கு இல்லாதது குழாயும் கதவுள்ள மலசலகூடமும். ஆகவே காணியையும் தனி வீட்டையும் பற்றி நீங்கள் பேசும்போது, வீடு என்றால் உள்ளே தண்ணீர் வரும் மலசலகூடமும் வெயிலில் சூடாகும் ஒரு தண்ணீர்த் தாங்கியும் சேர்ந்தது என்று பேசுங்கள். நுவரெலியாவில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் பிள்ளையைக் கழுவியவர்களுக்கு இது ஆடம்பரமாகத் தோன்றாது.

அன்டிபயோட்டிக் விடயம் சிக்கலானது. பிரித்தானியாவில் 10 இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் பதிவுகளை வைத்து 2012 இல் வந்த ஆய்வு, குடலில் காற்றில்லாமல் வாழும் பக்டீரியாக்களைக் கொல்லும் வகை மருந்துகளை ஒரு வயதுக்கு முன் பெற்ற பிள்ளைகளுக்கு ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல் என்றது. நமக்கு நன்கு பழக்கமான அமொக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் அந்த வகையில் வருபவை. பயந்துவிட வேண்டாம், அத்தனை இலட்சம் பேரில் நோய் வந்தவர்கள் 748 பேர்தான். ஆசிய ஆய்விலோ முடிவு தலைகீழ்: சிறு வயதில் அன்டிபயோட்டிக் எடுத்தவர்களுக்கு நோய் குறைவு. இதை மறைத்து எழுதினால் உங்களை ஏமாற்றியதாகும். மருந்து கிடைத்த பிள்ளை என்றால் வைத்தியரிடம் கொண்டுபோகப்பட்ட பிள்ளை. அந்த வசதியின் சாயலைத்தான் ஆய்வு பிடித்திருக்கிறதோ என்பது என் எண்ணம். ஆகவே அன்டிபயோட்டிக்கை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. நிமோனியா பிடித்த பிள்ளைக்கு அது உயிர். நான் கேட்பது, எந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள் என்று பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது. தோட்டத்து மருந்துச்சாலையில் பெயர் ஒட்டாத உறையில் மாத்திரை போட்டுக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. தடிமனுக்கு அன்டிபயோட்டிக் எதற்கு என்று கேட்கும் துணிவு தாய்க்கு வர வேண்டுமானால், அது என்ன மாத்திரை என்றாவது அவளுக்குத் தெரிய வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சுவீடனிலும் நோர்வேயிலும் 81,280 பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வு 2024 இல் வெளிவந்தது. ஒரு வயதில் நல்ல சாப்பாடு, குறிப்பாக மீனும் மரக்கறியும் தின்ற பிள்ளைகளுக்கு நோய் குறைவு. ஒரு வயதிலேயே இனிப்புப் பானம் குடித்த பிள்ளைகளுக்கு 42 வீதம் கூடுதல். நுவரெலியா மரக்கறி லொறி லொறியாகக் கீழே இறங்குகிறது. மடுவத்துப் பிள்ளையின் கையில் பிஸ்கட். நெத்தலியும் கீரையும் பருப்பும் சேர்த்த ஒரு வேளைச் சோற்றை மடுவத்தில் கொடுக்க எவ்வளவு செலவாகும் என்று உங்கள் மாதர் அணித் தலைவிகள் அரை நாளில் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

நோய் வந்துவிட்டவர்களுக்காகவும் ஒரு சொல். நான்கு வாரத்துக்கு மேல் தொடரும் வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம், இரவில் எழுந்து மலம் கழிக்கப் போக வேண்டியிருத்தல், காரணமில்லாத மெலிவு, உயரம் நின்றுபோன பிள்ளை: இவை இருந்தால் மூலம் என்று விட்டுவிடாமல் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். நம் நாட்டில் குடலில் வரும் காசநோயும் குரோன்ஸைப் போலவே தோன்றும். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதைக் கெடுத்துவிடலாம். அதைப் பிரித்தறிவது தோட்டத்து மருந்துச்சாலையில் நடக்கிற காரியம் அல்ல. வேலைக்குப் போகாத நாளின் சம்பளமும் பஸ் காசும் சேர்த்துப் பார்த்துத்தான் நம் ஆட்கள் வைத்தியசாலைக்கு வருவதைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த ஒரு நாளுக்குப் பேர் போட வைப்பதும் உங்கள் கையில் இருக்கிறது.

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக நீங்கள் எத்தனை வருடம் போராடினீர்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. 2021 இல் அது கிடைத்த கையோடு கம்பனிகள் கிலோ அளவைக் கூட்டப் பார்த்ததையும் மறக்கவில்லை. சம்பளத்தைப் பேசிவிட்டுக் கிலோவைப் பேசாமல் எழுந்து வந்தால் என்ன ஆகும் என்று அப்போது படித்துக்கொண்டோம். கிலோ என்ற பேச்சு வரும்போதே பாலூட்டும் தாயின் கிலோவும் வர வேண்டும். ‘அதற்கு ஆதாரம் எங்கே’ என்று கம்பனிப் பக்கத்துச் சட்டத்தரணி கேட்டால் மேலே உள்ள கணக்குகளைக் கொடுங்கள். இந்தக் குடல் நோய் எங்கள் தோட்டத்தில் இல்லையே என்பாரானால், தாய்ப்பால் வயிற்றோட்டத்தையும் நிமோனியாவையும் தடுக்கிறது, வயிற்றோட்டம் வந்த பிள்ளையின் தாய் வேலைக்கு வரமாட்டாள் என்று அவருக்குப் புரியும் பாஷையில் சொல்லுங்கள்.

பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். உங்களில் ஒருவர், ஆணாக இருந்தால் இன்னும் நல்லது, உங்கள் தோட்டத்தில் பாலூட்டும் தாய் ஒருவரோடு காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டிலிருந்து மலைக்குப் போங்கள். பத்து மணிக்கு அவர் இறங்கும்போது கூடவே இறங்குங்கள். மடுவத்து வாசல் வரை எத்தனை நிமிடம், பால் கொடுக்க எத்தனை நிமிடம், திரும்பி ஏற எத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். மழை நாளில் ஒரு தடவை, வெயில் நாளில் ஒரு தடவை. அந்த எண்கள் உள்ள தாளை மேசையில் வையுங்கள்.

இப்படிக்கு,
லயத்தில் பிறந்த ஒரு தாதி